பாவை செய்தார் பெயர்

விளையாட்டுக் கருவி செய்த ஒருவர்க்குப் பொருட்காட்சிச் சாலையும் வேண்டுமோ என்று நம்மவரிற் பலர் நகைத்தல் கூடும். அரசர்க்குச் சிலையும், புலவர்க்கு நினைவில்லமும், நாட்டுக்கு உழைத்தார்க்கு மணிமண்டபமும் எடுத்தல் நமக்குப் பழகிய செயல்கள். மரத்தேரும் மண்குதிரையும் செய்தார் எவர் என்று வினவுதலோ நமக்குப் பழகாத செயல். குழந்தையின் கையில் உள்ளவரை அப்பொருளுக்கு மதிப்புண்டு. ஒடிந்தபின் அது குப்பை. செய்தவன் பெயரோ வாங்கிய சந்தையிலேயே நின்றுவிடுகின்றது. இவ்வழக்கம் நேரிதுதானா என்பதனை, மேனாட்டுச் சிறுநகர் ஒன்றினையும் நம் மதுரைக்கு அணித்தாகிய விளாச்சேரியினையும் அருகருகே வைத்து ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

இங்கிலாந்தின் வடமேற்கில் லிவர்ப்பூல் என்னும் துறைமுக நகருக்குச் சில மைல் வடக்கே மகல் என்றொரு சிறுநகர் உளது. ஆங்குப் பொதுமக்கள் வந்து போகும் கட்டடம் ஒன்றின் ஒரு பகுதியிலே பிராங்க் ஹார்ன்பி என்பார் நினைவாக ஒரு காட்சிச் சாலை அமைக்கப்பட்டது. பெருஞ்செல்வர் கட்டிய மாளிகையன்று அது. ஹார்ன்பியின் பெயரால் அமைந்த அறநிலையத்தைச் சார்ந்த தொண்டர்கள் ஊதியம் கருதாது பொருள்களைத் தொகுத்தும், துடைத்துக் காத்தும், வருவார்க்கு விளக்கியும் உருவாக்கியது. அங்கு வைக்கப்பட்டவை துளையிட்ட இரும்புப் பட்டைகள், தகரப் புகைவண்டிகள், உள்ளங்கையில் அடங்கும் சிறு மோட்டார் வண்டிகள் ஆகியவையே. இவற்றைக் காக்க முதியோர் பலர் தம் ஓய்வுநாளைக் கொடுப்பானேன் எனின், அதற்கு விடை அம்மனிதர் வரலாற்றில் உளது.

ஹார்ன்பி 1863-ஆம் ஆண்டு லிவர்ப்பூலிற் பிறந்தவர். 16 வயதிற் பள்ளியை விட்டுத் தந்தையாரின் வாணிகத்திற் கணக்குப் பார்த்தார். 1899-இல் தந்தையார் இறக்கவே, இறைச்சி இறக்குமதி செய்யும் எலியட் என்பாரிடம் கணக்கராக அமர்ந்தார். அவர் பொறியியல் கற்றவரல்லர். தச்சர் கொல்லர் குடியிற் பிறந்தவருமல்லர். தம் புதல்வர் இருவர்க்கும் உலோகத் தகட்டை வெட்டிப் பாலமும் வண்டியும் பாரந்தூக்கியும் செய்து கொடுத்துவந்தார். பாலத்திற்கு வெட்டிய துண்டு பாலத்திற்கே பயன்பட்டது. வண்டிக்கு வெட்டியது வண்டிக்கே பயன்பட்டது. பிள்ளைகள் ஒன்றில் அலுத்துவிட்டால் தந்தை மீண்டும் தகட்டை வெட்டவேண்டும். இத்தொல்லையினின்றே அவருக்கு ஓர் எண்ணம் உதித்தது. எல்லாத் துண்டுகளிலும் ஒரே அளவான துளைகளை ஒரே இடைவெளியில் இட்டுவிட்டால், எத்துண்டும் எத்துண்டோடும் பொருந்தும். இன்று பாலமாய் நின்ற பட்டைகளே நாளை பாரந்தூக்கியாய் எழும். திருகாணி புகும் துளையே சக்கரத்தின் அச்சுத்தண்டையும் தாங்கும்.

துளைகளின் இடைவெளி அரை அங்குலம். ஹார்ன்பி கண்டது ஒரு பொம்மை அன்று, ஓர் அளவே என்பது எம் கருத்து. பாலம் என்றும் வண்டி என்றும் பாரந்தூக்கி என்றும் பிரித்துப் பேசுவது பிள்ளைகளின் விருப்பம். அவை யாவற்றுக்கும் அடியில் மாறாது நிற்பது அவ்வரை அங்குலம். நாம் யாப்பிலக்கணம் கற்கும்போது, அசையும் சீரும் சிலவே ஆயினும் அவற்றாலாகும் பாக்களுக்கு எல்லையில்லை என்று ஆசிரியர் சொல்லக் கேட்டிருக்கின்றோம். அதனோடு இதனை ஒப்பிட்டு நோக்கின் பொருள் எளிதில் விளங்கும்.

தம் முதலாளியிடம் 5 பவுன் கடன் பெற்று, 1901-ஆம் ஆண்டு அவர் பேடண்டு என்னும் காப்புரிமை பெற்றார். கடன் கொடுத்த எலியட்டே தொழிலிற் பங்காளியும் ஆனார். முதற்பெட்டி 1902-இல் விற்பனைக்கு வந்தது. விலை 7 ஷில்லிங் 6 பென்ஸ். 1903 வரை 1,500 பெட்டிகள் விற்றும் ஊதியம் இல்லை. சிறிதளவு ஊதியம் கண்டது 1906-இல்தான். அடுத்த ஆண்டு ‘மெக்கானோ’ என்னும் பெயர் பதிவு செய்யப்பட்டது. 1914 முதல் லிவர்ப்பூலின் பின்ஸ் வீதியிற் பெருந்தொழிற்சாலை நடந்தது; 1916-இல் பிள்ளைகட்கெனத் தனி இதழொன்று தோன்றியது; 1920-இல் புகைவண்டிப் பொம்மைகளும், அதன்பின் டிங்கி என்னும் சிறுவண்டிகளும் வந்தன. ஹார்ன்பி 1931 முதல் 1935 வரை எவர்ட்டன் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினராகவும் இருந்து, 1936-இல் மறைந்தார். மகலில் அவர் வாழ்ந்த வீடும் உண்டு. அவர் கல்லறையும் அவ்வூரிலேயே உளது.

இக்கருவி வெறும் பொழுதுபோக்கன்று என்பதற்கு ஒரு சான்று போதும். 1934-ஆம் ஆண்டு மாஞ்செஸ்டர்ப் பல்கலைக்கழகத்து ஹார்ட்ரீ என்னும் அறிஞர், தம் மாணாக்கர் போர்ட்டரோடு சேர்ந்து, பெரும்பாலும் மெக்கானோ உறுப்புக்களைக் கொண்டே வகைக்கெழுச் சமன்பாடுகளைத் தீர்க்கும் கணிப்பொறி ஒன்றை அமைத்தார். பிள்ளைகள் விளையாடும் பல்சக்கரங்கள் அணுவின் அமைப்பைப் பற்றிய கணக்குகளுக்கு விடை தந்தன. அப்பொறியின் ஒரு பகுதி இலண்டன் அறிவியற் காட்சிச் சாலையில் இடம் பெற்றது.

பின்ஸ் வீதித் தொழிற்சாலை 1979-இல் மூடப்பட்டது. தொழில் போனபின்பு மகல் மக்கள் எதனைக் கொண்டு அவர் நினைவைக் காத்தனர்? ஈண்டே நாம் ஊன்றி நோக்கவேண்டும். காப்புரிமைப் பத்திரத்திற் பெயரும் ஆண்டும் உள. ஒவ்வொரு பெட்டியின் மூடியிலும் பெயர் உளது. விலைப்பட்டியல்கள் ஆண்டுதோறும் அச்சாயின. இதழ்கள் மாதந்தோறும் வந்தன. 1926-இல் பட்டைகளுக்குச் சிவப்பும் பச்சையும் தீட்டத் தொடங்கினர் என்பது தெரிந்திருப்பதால், ஒரு பட்டையை எடுத்த அளவிலே அஃது எக்காலத்தது என்று கூறுவார் உளர். தாளும் தகரமும் நின்றமையால் பெயரும் நின்றது. தொண்டர்களின் அன்பை யாம் குறைத்துக் கூறவில்லை; அவ்வன்பிற்குப் பற்றுக்கோடாகக் காகிதம் இருந்தது என்றே கூறுகின்றோம்.

ஆயினும் ஒன்று சொல்லாது விடுதல் முறையன்று. பின்ஸ் வீதியிற் பட்டைகளைத் துளைத்தும், வண்ணந் தீட்டியும், பெட்டிகளில் அடுக்கியும் உழைத்தோர் எண்ணிறந்தவர். அவருட் பெண்டிர் மிகப்பலர். அவர் பெயர் எப்பெட்டியின் மூடியிலும் இல்லை. ஒருவர் பெயர் நிலைபெற்றது. அதன் நிழலிற் பலர் பெயர் மறைந்தது. ஆதலின் மேனாட்டார் யாவரையும் நினைக்கின்றனர், நாம் ஒருவரையும் நினைப்பதில்லை என்று எளிதிற் சொல்லிவிடுதல் பொருந்தாது.

அவ்வரை அங்குலக் கொள்கை நம் நாட்டில் வேறொரு கோலங் கொண்டதையும் ஈண்டுக் குறித்தல் வேண்டும். கான்பூர் ஐ.ஐ.டி.யில் 1975-இற் பட்டம் பெற்ற அரவிந்த் குப்தா என்பார், தொழிற்சாலை ஒன்றிற் பணியாற்றிவந்தவர். 1978-இல் மத்தியப் பிரதேசத்து ஹோசங்காபாத்தில் நாட்டுப்புறப் பள்ளிகளுக்கென நடந்த அறிவியற் பயிற்சித் திட்டத்திற் கலந்துகொண்டார். மெக்கானோப் பெட்டி வாங்க அச்சிற்றூர்ப் பிள்ளைகளிடம் பொருள் ஏது? சந்தையிற் கிடைக்கும் தீக்குச்சிகளையும், மிதிவண்டிச் சக்கரத்தின் வால்வுக்கு இடும் மெல்லிய ரப்பர்க் குழாயையும் வாங்கினார். குழாயைச் சிறு துண்டுகளாக்கி, அதன் இருமுனையிலும் குச்சிகளைச் செருகினால் மூட்டு ஆயிற்று. மூன்று குச்சிகளால் முக்கோணம் செய்து அழுத்தினால் அது நிலைகுலையாது. நான்கு குச்சிகளால் சதுரம் செய்து அழுத்தினால் சரிந்துபோம். கூரைச் சட்டங்களிலும் பாலங்களிலும் முக்கோணம் ஏன் மிகுதி என்பது ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் கைவழியே விளங்கிவிடும். அவர் செய்முறைகளுக்கு விலை வைக்கவில்லை. யாவரும் எடுத்தாள விட்டுவிட்டார். பின்னர்ப் புனே நகரின் வானியல் ஆய்வு நிலையத்தைச் சார்ந்த சிறுவர் அறிவியல் நடுவத்திற் பணியாற்றினார். 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. உரிமையைக் காத்தவர் பெயர் பெட்டியில் நின்றது போலவே, உரிமையை விட்டவர் பெயரும் நூல்களிலே நிற்கின்றது.

இனி நம் பக்கம் திரும்புவோம். விளையாட்டுப் பொருள்களைப் பற்றிய குறிப்புக்கள் தமிழிலக்கியத்திற் பழமையானவை. குறுந்தொகையின் 61-ஆம் பாட்டிலே தும்பிசேர்கீரனார், தச்சன் செய்த சிறு குதிரைத் தேரினைச் சுட்டுகின்றார்; அதன்மேல் ஏறிச் செல்ல இயலாதாயினும் கையால் இழுத்து மகிழும் சிறுவரைத் தலைவியின் அன்புக்கு உவமை ஆக்குகின்றார். பட்டினப்பாலையில், மகளிர் கோழியை ஓட்ட எறிந்த பொற்குழை, சிறுவர் உருட்டும் மூன்றுகாற் சிறுதேரின் வழியைத் தடுக்கின்றது. பெரும்பாணாற்றுப்படையிலோ தச்சரின் பிள்ளைகளும் விரும்பும்படி செய்யப்பட்ட தேரினை உருட்டி இளைத்த புதல்வர் துயில்கொள்கின்றனர். இவ்விரண்டு பாட்டும் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியவை. இரண்டிலும் சிறுதேர் வருதலின், அப்புலவர் குழந்தைகளின் விளையாட்டைக் கூர்ந்து நோக்கியவர் என்று கொள்ளத் தோன்றுகின்றது. தச்சரின் பிள்ளைகளே விரும்பினர் என்பதன் நயத்தை நோக்குக: தம் இல்லத்திலேயே நாள்தோறும் தேர் காணும் சிறுவரும் ஏங்கும்படியான தேர் அது!

அத்தகைய தேரினைச் செய்தவன் எவன்? பாடியவர் பெயர் நிற்கின்றது. பாடப்பட்ட மன்னன் பெயரும் நிற்கின்றது. தேர் செய்தவன் வெறுமனே ‘தச்சன்’ ஆகிவிட்டான். பிற்காலத்துப் பிள்ளைத்தமிழ் நூல்களில் சிறுதேர் உருட்டலும் சிறுபறை முழக்கலும் அம்மானை ஆடலும் தனித்தனிப் பருவங்களாகவே வகுக்கப்பட்டன. ஆங்கும் அதே கதைதான். மதுரைக்குத் தென்கிழக்கே கீழடி அகழாய்விற் சுடுமண் சில்லுகளும் ஆட்டக்காய்களும் பகடைக்காய்களும் கிடைத்துள்ளன; 2023-இல் அங்குக் காட்சிச் சாலையும் திறக்கப்பட்டது. அச்சில்லுகளைத் தேய்த்து வட்டமாக்கியவர் பெயரை நாம் இனி அறியப்போவதில்லை. ஈராயிரம் ஆண்டு கடந்த பொருளில் அதற்கு வருந்துதல் வீண். நேற்றுச் சூளையிலிருந்து எடுத்த பொம்மையின் ஆசிரியரையும் அவ்வாறே இழக்கவேண்டுமோ என்பதே வினா.

விளாச்சேரி, மதுரைக்குத் தென்மேற்கே பசுமலைக்கும் திருப்பரங்குன்றத்திற்கும் அணித்தே உள்ள ஊர். அங்குள்ள வேளார் குடும்பங்கள் வழிவழியாக மண்பாவை செய்துவருகின்றன. ஆவணியில் விநாயகர் உருவம். புரட்டாசியில் நவராத்திரிக் கொலுவுக்குரிய பொம்மைகள். மார்கழியிற் கிறித்தவர் இல்லங்களுக்குக் குடில் பொம்மைகள். ஒரே திண்ணையில் திங்கள் மாறத் தெய்வமும் மாறும். கொலுவிற்குத் தசாவதாரமும் திருமண ஊர்வலமும் கடைவிரித்த செட்டியார் இணையும் வேண்டும். குடிலுக்கோ பாலன் இயேசு, மரியாள், சூசையப்பர், இடையர், மூன்று ஞானியர், எருது, கழுதை, ஒட்டகம், ஆட்டுக்குட்டிகள் என்னும் இவை வேண்டும். கிறிஸ்து பிறப்பைக் குடில் அமைத்துக் காட்டும் வழக்கம் 1223-ஆம் ஆண்டு இத்தாலி நாட்டுக் கிரெச்சோ என்னும் ஊரில் அசிசி நகரப் பிரான்சிசு அடிகளால் பரவலாயிற்று என்பர். குடிலைத் தொடங்கியவர் பெயரும் ஆண்டும் ஊரும் நமக்குத் தெரியும். நம் வீட்டுக் குடிலிற் படுத்திருக்கும் எருதைச் செய்தவர் நம் கல்லூரியிலிருந்து சில மைல் தொலைவில் இருந்தும் அவர் பெயர் தெரியாது.

பாவை செய்யும் முறையினை அறிந்தாலன்றி மேற்கூறுவது விளங்காது. கண்மாயிலிருந்து எடுத்த களிமண்ணைக் கல்லும் வேரும் நீக்கி, நீர் தெளித்து மிதித்துப் பதப்படுத்துவர். தேர்ந்த கைவினைஞர் ஒருவர் முதற்பாவையைக் கையாலேயே உருவாக்குவர். முகத்தின் சாய்வும் விரலின் வளைவும் ஆடையின் மடிப்பும் அவர் மனத்திற் பிறந்தவை. அம்முதற்பாவையினின்றும் முன்னொன்றும் பின்னொன்றுமாக இரண்டு பாதி அச்சுக்கள் எடுக்கப்படும். இக்காலத்தில் இவ்வச்சுக்கள் பெரும்பாலும் பிளாஸ்டர் ஆப் பாரிஸால் ஆனவை. அச்சினுள் மண்ணை அமுக்கி, இரு பாதியையும் ஒட்டி, நிழலில் உலர்த்திச் சூளையிற் சுட்டு, வண்ணந் தீட்டுவர். ஓர் அச்சிலிருந்து நூற்றுக்கணக்கிற் பாவைகள் பிறக்கும். அச்சில் மண் அமுக்குவதைச் சிறுவரும் கற்பர். முதற்பாவை செய்தலோ சிலர்க்கே கைவரும். ஹார்ன்பியைப் போன்ற ஒருவரை விளாச்சேரியிற் காண விரும்பினால் நாம் தேடவேண்டியது அம்முதற்பாவையின் ஆசிரியரை. அவர் அச்சுக்குப் பின்னே மறைந்து நிற்கின்றார்.

அச்சும் நிலையானதன்று. ஈரமண் பட்டுப் பட்டு அதன் நுண்கோடுகள் மழுங்கும். அச்சுத் தேய்ந்தபோது முதற்பாவையும் கையில் இல்லையாயின், முன்பு செய்த பொம்மை ஒன்றையே முதலாக வைத்துப் புதிய அச்சு எடுத்தல் இயல்பு. ஈண்டு ஒரு வியத்தகு செய்தி உளது. களிமண் உலரும்போதும் சூளையில் வேகும்போதும் சுருங்கும் தன்மையது. மண்ணின் இயல்புக்கேற்பப் பத்தில் ஒரு பங்கு வரையும் சுருங்குதல் உண்டு. பத்து அங்குலப் பாவையினின்றும் எடுத்த அச்சில் வார்த்த பாவை வெந்து வருங்கால் ஒன்பது அங்குலம் ஆகும். அவ்வொன்பது அங்குலப் பாவையினின்றும் அச்செடுத்தால் அடுத்தது எட்டு அங்குலத்தைச் சிறிதே கடந்து நிற்கும். தலைமுறைதோறும் பாவை குறுகும், மூக்கு மழுங்கும், விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டும். எனவே ஒரே உருவமுள்ள இரு பாவைகளை அருகே நிறுத்தினால், பெரியதும் கூரியதுமே முன்னது என்று பெரும்பாலும் துணியலாம். பழங்கிரேக்கச் சுடுமண் பாவைகளை ஆராயும் மேனாட்டறிஞர் இம்முறை கொண்டே அவற்றின் வழிமுறையைக் கணிக்கின்றனர்.

இது தமிழ் மாணாக்கர்க்குப் புதியதொரு கலையன்று. உ. வே. சாமிநாதையர் 1889-இல் பத்துப்பாட்டையும் 1937-இல் குறுந்தொகையையும் பதிப்பித்தபோது செய்ததென்ன? பல ஊர்களினின்றும் ஏட்டுப்பிரதிகளைத் தொகுத்து ஒன்றோடொன்று ஒப்பிட்டார். எழுதுவோர் கைமாறக் கைமாறச் சொற்கள் திரிந்திருந்தன. திரிபுகளின் வழியே பின்னோக்கி நடந்து, ஆசிரியர் வாக்கு இதுவாகலாம் என்று கண்டார். பொம்மைக்கும் பாடபேதம் உண்டு, மூலமும் உண்டு. ஒரு பாவையின் பல பிரதிகள் மதுரையின் வீடுதோறும் பரண்மீது துணி சுற்றிக் கிடக்கின்றன. ஏட்டைக் கரையான் அரிக்கும் என்று அஞ்சிய நாம், பாவை உடைந்தால் மட்டும் பெருக்கித் தள்ளுகின்றோம்.

கொலு என்பதே ஒரு பொருட்காட்சிச் சாலை அன்றோ என்று எம் நண்பர் ஒருவர் தடை எழுப்பினார். அத்தடை மதிக்கத்தக்கது. ஒன்பது நாளும் படிகளில் அடுக்கி, வந்தாரை வரவேற்றுக் காட்டி, பின்னர்ப் பெட்டியில் இட்டுக் காக்கும் மகளிர் ஊதியம் பெறாத தொண்டரே. இது பாட்டியார் காலத்துப் பொம்மை, இது திருமணத்தின்போது தாய்வீட்டிலிருந்து வந்த மரப்பாச்சி என்று ஒவ்வொன்றின் வரலாற்றையும் சொல்லவும் வல்லர். ஆயினும் அவ்வரலாறு முழுவதும் வைத்திருந்தார் வரலாறே. செய்தார் வரலாறு அதில் இடம்பெறுவதில்லை. தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மைக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததும் இத்தகையதே: ஊர்ப்பெயர் காக்கப்பட்டது, ஆட்பெயர் அன்று.

வேறொரு தடையும் உண்டு. அது முன்னதினும் வலியது. நம் நாட்டு மண்பாவைகள் பல, அழிவதற்கென்றே செய்யப்படுவன. விநாயகர் உருவம் நீரிற் கரையவேண்டும். மதுரை, சிவகங்கைச் சிற்றூர்களில் அய்யனார்க்குப் புரவியெடுக்கும்போது, ஊரார் பிடிமண் கொடுக்க, வேளார் குதிரைகளைச் செய்து தருவர். திருவிழா முடிந்தபின் அக்குதிரைகள் கோயில் வெளியில் வெயிலிலும் மழையிலும் நின்று மெல்லமெல்ல மண்ணாகும். அடுத்த புரவியெடுப்புக்குப் புதியவை வரும். கலையாத பாவை நல்ல பாவை என்பது மேனாட்டார் எண்ணம். மண்ணிலிருந்து வந்து மண்ணுக்கே மீள்வது நம் மரபு. இதனைக் கண்ணாடிப் பேழையில் அடைத்தல் மரபுக்கு மாறாகாதோ? ஆகும் என்றே யாமும் கருதுகின்றோம். புரவியைப் பேழையில் அடைக்கவேண்டா. ஆனால் பிடிமண் வாங்கியவர் பெயரையும் ஆண்டையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்தலால் மரபு எவ்வாற்றானும் கெடாது. பொருள் அழியலாம்; பெயரும் உடன் அழியவேண்டும் என்று எந்த அய்யனாரும் விதித்திலர்.

விளாச்சேரியில் நினைவில்லம் ஒன்று இல்லாமலும் இல்லை. தனித்தமிழ் ஆர்வலரும் சென்னைக் கிறித்தவக் கல்லூரித் தமிழ்ப் பேராசிரியருமாகிய பரிதிமாற்கலைஞர் 1870-ஆம் ஆண்டு பிறந்தது இவ்வூரிலேதான். சூரியநாராயண சாஸ்திரி என்னும் வடமொழிப் பெயரைத் தமிழாக்கிக் கொண்டவர் அவர். தமிழை உயர்தனிச் செம்மொழி என நிறுவ முற்பட்டு, 1903-இல் இளமையிலேயே மறைந்தவர். அவர் பிறந்த வீட்டைத் தமிழ்நாட்டரசு நினைவில்லமாக்கியது. தமிழ் மாணாக்கர் அனைவரும் ஒருமுறையேனும் செல்லத்தக்க இடம் அது. அவ்வீட்டை வணங்கிவிட்டு மீள்வோர் பொம்மைகள் காயும் தெருவினூடே நடப்பர். நூலாசிரியரை நினைத்த ஊரிலே பாவையாசிரியர்க்கு ஒரு பலகையும் இல்லை என்பது அப்போது கண்ணிற் படும். இதனைக் குறையாகக் கூறுகின்றோம் அல்லேம். ஓர் ஊரில் ஒன்று இயன்றதாயின் மற்றொன்றும் இயலும் என்பதற்கே எடுத்துக்காட்டுகின்றோம்.

இயல்வதற்குக் காலம் மிகுதியாக இல்லை. கண்மாய் மண் முன்போல் எளிதிற் கிடைப்பதில்லை. பிளாஸ்டிக்குப் பொம்மைகள் சந்தையை நிறைத்துவிட்டன. மழைக்காலத்திற் பாவை உலர்வதுமில்லை, சூளை எரிவதுமில்லை. இளையோர் பலர் வேறு தொழில் நாடுகின்றனர்; அவர்களைக் குறை கூற எமக்கு வாயில்லை, யாமும் எம் தந்தையரின் தொழிலை விட்டே கல்லூரிக்கு வந்தோம். தொழில் நிற்குமோ நில்லாதோ என்பது வாங்குவாரையும் அரசையும் பொறுத்தது. பெயர்களைத் தொகுத்தலோ எவருடைய ஆணையையும் நிதியையும் எதிர்பாராதது. இந்தப் பிள்ளைப்பாவையின் முதலுருவை என் பாட்டனார் செய்தார் என்று சொல்லும் முதியோர் உள்ளபோதே கேட்டு எழுதிவிட வேண்டும். அவர்க்குப்பின் அப்பாவையும் சங்கத் தச்சனின் தேரைப்போல் ஆசிரியர் பெயர் அறியாததாகிவிடும்.

மகலில் தொண்டர்கள் தொடங்கியதும் பெருங்கட்டடத்தோடு அன்று. விளாச்சேரிக்கு ஓர் அறை போதும். அதுவும் இல்லையாயின் பள்ளியில் ஓர் அலமாரி போதும். வைக்கவேண்டியவை வண்ணப் பாவைகளினும் முதன்மையாக, தேய்ந்து கழித்த பழைய அச்சுக்கள். அச்சினை எவரும் அழகென்று வாங்கார்; ஆதலால் அது வீட்டுப்புறத்திற் கிடக்கும், அல்லது உடைத்துப் பள்ளம் தூர்க்கப்படும். எனினும் அதுவே மூலத்திற்கு மிக நெருங்கிய ஏடு. ஒவ்வோர் அச்சிற்கும் முதலுருச் செய்தவர் பெயர், அச்சு எடுத்தவர் பெயர், அறிந்த அளவில் ஆண்டு, எவ்வூர்க்கு எவ்விழாவிற்கு விற்றது என்னும் நான்கு செய்திகள் எழுதப்படின் நன்று. அவர்தம் தொழிற்சொற்களும் உடன் தொகுக்கப்படுமாயின் அகராதி செய்வோர்க்கும் உதவும். பெயர் எழுத ஒருப்படாதாரை வற்புறுத்தலாகாது. ஒருவர் செய்ததைப் பலர் தமதென்பராயின் இருவர் கூற்றையும் எழுதிவிடுதலே பதிப்பாசிரியர் முறை.

இதன் முதற்படியாக எம் வகுப்பினர் சிலர் ஒரு சிறு முயற்சியை மேற்கொள்ளக் கருதியுள்ளோம். வருகின்ற மார்கழி விடுமுறையில் ஊர்செல்லும் மாணாக்கர், தத்தம் இல்லத்திலோ கோயிலிலோ குடிலில் வைக்கும் படுத்த எருதின் உயரத்தை நூலால் அளந்து, அது வாங்கிய ஆண்டினை வீட்டு முதியோரைக் கேட்டு எழுதிக் கொணர்தல் வேண்டும். கொலு வைக்கும் இல்லத்து நண்பர்கள் செட்டியார் பொம்மையை அளந்துவரலாம். பீடத்தின் அடியிலிருந்து கொம்பின் நுனிவரை அளக்க. கொம்பு ஒடிந்திருப்பின் முதுகுவரை அளந்து, ஒடிந்தது என்று அருகிற் குறிக்க.